பாலம் தாண்டுனா குண்டு

பேக்கைத் தொறந்து காட்டியாச்சா அம்மிணி? மூடி வெச்சுக்கோ. அந்தப் போலீஸ்காரரும் பாவம், உன்ற சோப்பு டப்பாவைக்கூட மோந்து பாத்துட்டுப் போறாரு. போகட்டும், அவரு சோலி அது. செக்போஸ்டுன்னா அப்படித்தான்.

போன்ல அம்மாவா? ஒட்டுக் கேக்கலைங், பக்கத்து சீட்டுல ஒக்காந்திருந்தா காதுல விழத்தானே செய்யும். நீ ஆசனூர்ல எறங்கி, காட்டுக்குள்ள நடக்கற கூட்டத்தோட சேரப் போறே. எங்கயோ வெடிகுண்டு மிரட்டலாம், பஸ்ஸை நிறுத்தி செக்கிங் பண்றாங்கன்னு நீ சொன்னதும் அவங்க திரும்பி வாடின்னு அழுவறாங்க. அதானே? நான் சொல்றதக் கேளு. போ. தைரியமாப் போ. எவனோ ஒருத்தன் மிரட்டறான்னு ஊட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு ஒக்காந்தா, அப்பறம் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளிய வர முடியாது.

சும்மா வாய்க்கு வந்ததப் பேசறேன்னு நெனைக்காதே. பாத்தா ரேசன் கடை வரிசைல நிக்கற பொம்பள மாதிரித்தான் இருப்பேன், ஆனா நான் கார் ராலி போறவ. சிரி, சிரி, எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. ஓட்டறது எங்கூட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு, கோயமுத்தூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறாரு. நான் பக்கத்து சீட்டு, நேவிகேட்டர். வேணின்னு கேட்டா ராலிக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். அடுத்து எந்தப் பக்கம் வளைவு, எங்க மேடு, எங்க பள்ளம்னு நான் சொல்லச் சொல்ல அவரு திருப்போணும். பொண்டாட்டி சொன்ன பக்கம் மறுபேச்சுப் பேசாம திரும்பற ஆம்பளைய நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? எங்க ஜிப்ஸி காருக்குள்ள பாக்கலாம். ஹெல்மெட்டக் கழட்டிட்டாருன்னா ஒரு சொல்லு காதுல வாங்க மாட்டாரு, அது வேற கதை.

ராலிக்கு முன்னால அந்த ரோட்டுல மெதுவா ஒருக்காப் போயிப் பாக்க உடுவாங்க. பாத்து நோட்ஸ் எடுத்துக்கோணும். மத்தவங்க லெஃப்ட்டு, ரைட்டு, நம்பருன்னு இங்கிலீசுல கிறுக்குவாங்க. எனக்கு அந்த ஆட்டத்துல எழுதுனா கொடலைப் பெரட்டும். அதனால போன்ல பேசி வெச்சுக்குவேன், நம்ம பேச்சுல. சாயங்காலம் அதை அப்படியே எங்கூட்டுக்காரருக்கு வாட்சப்புல தாட்டி உடுவேன். அவரு காதுல மாட்டிட்டு, ஜிப்ஸிக்கு அடியில படுத்துட்டு, ஸ்பேனரத் திருகிக்கிட்டே கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவாரு.

அதுல எனக்குன்னு ஒரு முறை இருக்குது பாரு. ரோடு குண்டும் குழியுமாக் கெடக்குதுன்னு நீயும் சொல்வே, நானும் சொல்வேன். வெரசா ஓட்டறவருக்கு அப்படி ஒட்டுக்காச் சொன்னா என்ன புரியும்? எது குண்டு, எது குழி? அதனால நான் பிரிச்சுட்டேன். சின்னதுன்னா குழி, எறக்கி ஏத்திரலாம். பெருசுன்னா குண்டு, அதுல உட்டா டயரு வெடிச்சுப் போகும். எங்க ரெண்டு பேருக்குள்ள அதுதான் சட்டம். ஊட்டுல ரசத்துக்கு உப்பு எச்சாப் போச்சுன்னாக்கூட, இன்னிக்குக் குழியா குண்டான்னுதான் கேப்பாரு. அவ்வளவு குசும்பு.

போன வருசம் காக்காக்கொம்பை ராலி. எஸ்டேட்டுக்குள்ள போற மலை ரோடு. இத்தனை வருசம் போயும் எங்க ஜிப்ஸிக்கு ஒரு கப்பு கெடைச்சதில்ல கண்ணு. அந்த வருசம் பாயிண்டுல நாங்கதான் முன்னால. வண்டி ஒழுங்கா வந்து சேந்தாப் போதும், கப்பு எங்களுக்கு. அலமாரில எடம்கூட ஒதுக்கி வெச்சுட்டேன், அங்க இருந்த பீங்கான் பொம்மையெல்லாம் பரண்ல ஏத்தியாச்சு. ரோட்டைப் பாத்தோம், நானும் மூச்சு உடாம அத்தனையும் பேசி அனுப்பி உட்டேன். இவரு என்னடான்னா வரலை வரலைங்கறாரு. அந்த மலையில டவரு எங்க இருக்குது? அப்பவே அனுப்பிட்டனே, சும்மா நோண்டாதீங்கன்னு நாலு திட்டு திட்டிட்டு, எல்லாத்தையும் மறுபடி வாயாலயே சொன்னேன்.

மறுநாள் வெடியால கெளம்பி நிக்கறோம், ஊரே அமளிதுமளி. என்னடான்னா வெடிகுண்டு மிரட்டல்! வாட்சப்புல வந்து, கை மாறிக் கை மாறி, யாரு அனுப்புனதுன்னே தெரியாம ஜில்லா முழுக்கச் சுத்திட்டு இருக்குது. எஸ்டேட் ஹால்ல எல்லாரையும் கூட்டி வெச்சு, இன்ஸ்பெக்டரம்மா அதைப் படிச்சாங்க. எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்குது. 'பாலம் தாண்டுனா குண்டு. பெரிய குண்டு. கோயில் வளைவுல ரெண்டு குண்டு, ஒண்ணுல தப்பிச்சாலும் இன்னொண்ணு கண்டிப்பா வெடிக்கும்ங்க. தேயிலை ஆபீசுகிட்ட ஜனங்க கூட்டமா நிப்பாங்க, அங்க யோசிக்காதீங்க, முழுசாப் போட்டுத் தாக்குங்க.'

அதுலயும் பாரு, அந்தப் பாவிக்கு எத்தனை விவரம்! நான் எங்கெங்க குண்டுன்னு சொல்லி வெச்சிருந்தனோ, அதே எடத்துல அவனும் குண்டு வெச்சிருக்கறான். பாலத்துக்கு அக்கட்ட ஒண்ணு, கோயில் வளைவுல ரெண்டு. அப்படியே அச்சு மாறாம! ரோட்டை நல்லாப் படிச்ச ஆளு அவன். எங்கள மாதிரி ஒரு ராலிக்காரந்தான் பொறாமையில பண்ணியிருக்கறான்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. இன்ஸ்பெக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க, நம்ம பக்கத்து ஆளுதான், வெடிக்கும்ங்க, தாக்குங்கன்னு மரியாதையா மிரட்டறான் பாருங்கன்னாங்க.

என்ன கண்ணு இருமல்? தண்ணி குடி. பொறுமையாக் குடி, பொரையேறிக்கப் போகுது.

ராலி நடத்தறவங்க மொகம் செத்துப் போச்சு. நிறுத்திரலாம், உசுரோட வெளையாட வேண்டாம்னுட்டாங்க. பாக்கியம்னு ஒரு பொம்பள, அங்க தேயிலை பறிக்கறவங்க, எந்திரிச்சு கேட்டாங்க. உங்களுக்கென்ன, இரும்புக் கம்பி கட்டுன காருக்குள்ள தலைக்குத் தொப்பி போட்டுட்டுப் போயிருவீங்க, ரோட்டோரம் நின்னு வேடிக்கை பாக்கறது எங்க புள்ளைங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து பதில் சொல்லுவீங்கன்னு.

அப்ப நான் எந்திரிச்சேன். பேசோணும்னு நெனைக்கவே இல்ல, வாய் தானா வந்துருச்சு. "ஏனுங்க, எவனோ மொகம் தெரியாத கோழை ஒருத்தன் ஊட்டுல ஒக்காந்துட்டு போனத் தட்டுனா, நாம ஓடி ஒளியறதா? இன்னிக்கு ராலிய நிறுத்துவீங்க. நாளைக்குக் கோயில் நோம்பிய நிறுத்துவீங்க. அடுத்தது பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்த நிறுத்துவீங்க. தேடுங்க, நாய உட்டு நல்லாத் தேடுங்க, ஜனங்களக் கவுறு கட்டித் தள்ளி நிறுத்துங்க. ஆனா நிறுத்தாதீங்க. நாம பயந்தா அவன் ஜெயிச்ச மாதிரி!" அப்படின்னேன். கை தட்டு சும்மா காதப் பொளந்துச்சு. எங்கூட்டுக்காரரு மட்டும் தட்டல. தலையத் தொங்கப் போட்டு ஒக்காந்திருந்தாரு. பொண்டாட்டிக்கு இத்தனை கைத்தட்டு கெடைச்சா எந்த ஆம்பளைக்குத்தான் பொறுக்கும்?

போலீசு நாயோட வந்து ரோடு பூராத் தேடுனாங்க. மெசேஜ்ல சொன்ன எடத்துலயெல்லாம் பாத்தா வெறும் பள்ளம். மண்ணுக்கடியில பொதைச்சிருப்பான்னு நோண்டிப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும், எஸ்டேட்டுக்காரங்க ஜல்லியும் மண்ணும் போட்டு திமிசு கட்டையில அடிச்சு, அழகா மூடி உட்டுட்டாங்க. மறுநாள் ராலி நடந்துச்சு. பாக்கியத்தோட புள்ளைங்க கவுத்துக்கு அக்கட்ட பத்திரமா நின்னு கையாட்டுச்சு. எல்லாம் நல்லபடியாத்தான் நடந்துச்சு, எங்களைத் தவிர.

நான் நோட்ஸ்ல இருக்கறபடி "குண்டு!"ன்னு கத்தறேன், மனுசன் பிரேக்க மிதிச்சு வண்டிய நகத்தறாரு. பாத்தா ரோடு தோசைக்கல்லு மாதிரி வழவழன்னு கெடக்குது! பள்ளத்த மூடுனத எங்ககிட்ட யாரும் சொல்லல, மறுபடி ரோட்டைப் பாக்கவும் நேரம் குடுக்கல. இவருக்கும் என் சொல்லுக்குக் கால் தானாப் பிரேக்குக்குப் போகற பழக்கம். ஒவ்வொரு எடத்துலயும் இல்லாத குண்டுக்கு நின்னு நின்னு போனோம். பின்னால வந்தவன், நோட்ஸே சரியா எடுக்காத சோம்பேறி, கப்பை அள்ளிட்டுப் போயிட்டான். அலமாரில அந்த எடம் இன்னும் காலியாக் கெடக்குது. பொம்மைய எறக்கி வெக்கக்கூட மனசு வரல.

எனக்கு வந்த ஆத்தரத்துக்கு, நேரா ஆனைமலைக்குப் போயிட்டேன். மாசாணியம்மன் கோயில்ல, நமக்குக் கெடுதல் பண்ணவங்களுக்குச் சாபம் பலிக்கோணும்னு மொளகா அரைச்சுப் பூசுவாங்க, தெரியுமில்ல? ஆத்தா, அந்த மெசேஜ் யாரு வாயில இருந்து வந்துச்சோ அந்த ஆளுக்கு கொடலு காந்தோணும்னு சொல்லி அரைச்சேன். எங்கூட்டுக்காரரு பக்கத்துல நின்னுட்டு, போதும் வேணி, கொஞ்சமா அரை, காரம் எச்சா இருக்கற மொளகாயா இருக்குது, பாவம் அவளும் புள்ளைகுட்டிக்காரியா இருப்பாங்கறாரு. அவளா? பொம்பளைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு புடிச்சுட்டேன். சும்மா சொன்னேன்னுட்டு குங்குமம் வாங்கப் போயிட்டாரு. அதுக்கு முன்னால ஒரு நாளு போலீஸ் ஸ்டேசனுக்கு வேற போயிட்டு வந்தாரு. என்னன்னு கேட்டா பாஸ்போர்ட் விசாரணைங்கறாரு. எங்களுக்கு ஏது பாஸ்போர்ட்? எவளோ ஒருத்திய இவருக்குத் தெரியும், காப்பாத்தறாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்.

அதுக்கப்பறம் எனக்கு ஒடம்பும் சரியில்ல. வயித்துல ஒரே எரிச்சல். மோர் குடிச்சாக் கொஞ்சம் அடங்குது. டாக்டர் அல்சர்ங்கறாரு.

ஏன் கண்ணு, வாயப் பொத்திட்டுக் குலுங்கறே? என்ற அல்சர் உனக்குச் சிரிப்பா இருக்குதா?

புள்ளையா? ஒரே பொண்ணு, மோனிஷா. மைசூர்ல கம்பெனில வேலை. அவளப் பாத்துட்டுத்தான் வர்றேன். அவ பைக் ஓட்டுவா. அவளும் அவ கூட்டாளிப் பொண்ணுங்களும் நாளைக்கு அங்கிருந்து லடாக் வரைக்கும் கெளம்பறாங்களாம். அவங்கப்பனுக்குப் பெருமை புடிபடல. நான்... இந்தா, இந்தப் பர்சுக்குள்ள பாரு. சாவி. அவ பைக்குச் சாவி. ரெண்டு சாவியும் ஒரே கொக்கியில மாட்டி வெச்சிருந்தா, அப்படியே அப்பன் புத்தி. அவ குளிக்கப் போனப்ப எடுத்துட்டு பஸ்ஸேறிட்டேன்.

திருடலைங்! அப்படிப் பாக்காதே. அந்தப் பக்கம் பிரச்சனைன்னு மெசேஜ் வந்துச்சு. பைக்ல வர்ற பொண்ணுங்களாப் பாத்துக் குறி வெக்கறாங்களாம். அவ என்னமோ, ராணுவத்துக்காரங்ககிட்டக் கேட்டாச்சு, வேண்டாம்னு சொன்ன வழிய மாத்தியாச்சு, அனுமதி கையில இருக்குதுன்னு என்னென்னமோ காட்டுனா. எனக்கு ஒண்ணும் மண்டைல ஏறல.

உன்னைப் போகச் சொல்லிட்டு என்ற பொண்ண நிறுத்தறது என்ன ஞாயம்னு கேக்கறியா? அது வேற, இது வேற. எப்படி வேறன்னா... வேறதான். நீ... இல்ல, உன்ற அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பாக்கியம் எந்திரிச்சு நின்னு கேட்டாங்களே, அன்னிக்கு அது எனக்கு வெறும் பயமாத் தெரிஞ்சுது. இந்தச் சாவிய எடுத்தப்பறம்தான் அவங்க ஏன் அப்படிக் கேட்டாங்கன்னு தெரியுது. அன்னிக்குத் திரும்பி அவங்க மொகத்தைக்கூட நான் பாக்கல. கைத்தட்டுலயே நின்னுட்டேன்.

மெசேஜ் யாரு அனுப்புனதா? எங்க பாதயாத்திரைக் குழுவுல வந்துச்சு. சென்னிமலைக்கு நடந்து போறவங்க குழு. ஊருல பாதிப் பேரு அதுல இருக்கறாங்க. வெடிஞ்சா முருகன் படமா வந்து குமியும், அதனால சத்தத்தை அமுக்கி வெச்சிருக்கறேன். எப்பவாவதுதான் பாப்பேன்.

என்னது? அன்னிக்கு நான் பேசி அனுப்புனது எங்கூட்டுக்காரருக்குத்தான் போச்சான்னா? வேற யாருக்குப் போகும்? அவரு பேரு இங்க 'சென்னி'ன்னு இருக்கும் பாரு. இந்தா, நீயே பாரு, எனக்குக் கண்ணாடி பையில கெடக்குது. 'சென்னி'ன்னு தட்டு. மேல வருதா? அதில்ல, அது 'சென்னி பாதயாத்திரைக் குழு', அதுக்குக் கீழ... எங்க நோண்டறே? போன வருசம் வரைக்கும் எதுக்குப் போறே? உன்ற காதுல இருக்கறத எதுக்கு என்ற காதுல சொருகறே, என்னன்னு...

இது என்ற கொரலு.

அட கெரகமே. பாலம் தாண்டுனா குண்டு. பெரிய குண்டு. அட ஆத்தா, நான்தானா? அந்தக் கோழை நான்தானா? கோயில் வளைவுல ரெண்டு குண்டு... தாக்குங்க வேற! எங்கூட்டுக்காரர ஆக்சிலேட்டர மிதிக்கச் சொன்னா, அதைப் போயி... எவனோ எழுத்துல தட்டி ஊரெல்லாம் சுத்த உட்டுட்டான். பொம்பளக் கொரலுங்கறதும் போயி, டயருங்கறதும் போயி, வெறும் குண்டு மட்டும் நின்னிருக்குது. என்ற கப்பை நானே கெடுத்துக்கிட்டனே!

அப்ப அந்த மொளகா? அய்யய்யோ, வயிறு! அதுலயும் நல்ல காரமாக் கேட்டு வாங்கி அரைச்சனே கண்ணு. கொஞ்சமா அரை, கொஞ்சமா அரைன்னு அந்த மனுசன் எப்படிக் கெஞ்சுனாரு!

அவருக்குத் தெரிஞ்சிருக்குது. ஹால்ல படிக்கறப்பவே தெரிஞ்சிருக்கும். அதான் தலையத் தொங்கப் போட்டுட்டாரு. ஸ்டேசனுக்கும் எனக்காகப் போயி நின்னுருக்கறாரு. நான் கைத்தட்டு வாங்குன சந்தோசத்துல இருந்தேன், அதைக் கெடுக்க மனசு வரல போல. ஒரு வருசமா நான் அந்தப் பாவிய கரிச்சுக் கொட்டறேன், பக்கத்துல ஒக்காந்து சோத்தப் பெசைஞ்சுட்டு, உடு வேணி, போகட்டும் வேணிங்கறாரு. ஒரு வார்த்தை சொல்லலியே. எவளோ ஒருத்தியக் காப்பாத்தறாருன்னு நெனைச்சேன், காப்பாத்துனது என்னைத்தான். எனக்கு அழுகையா வருது. நீ சிரிக்காதே, அப்பறம் எனக்கும் சிரிப்பு வந்துரும்.

இந்தச் சாவிய என்ன பண்றது சொல்லு. அந்த லடாக் மெசேஜும் இதே குழுவுல வந்ததுதான். அது எவ ஊட்டுக் குழியோ, குண்டாகி வந்து நிக்குது. நெசமாவும் இருக்கலாம், இல்லைங்கல. ஆனா என்ற பொண்ணு கேட்டு, பாத்து, வழிய மாத்தி வெச்சிருக்கறா. பாக்க வேண்டியத அவ பாத்துட்டா. நான்தான் எதையும் பாக்காம சாவியத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கறேன். பக்கத்து சீட்டுல ஒக்காந்து எங்க பள்ளம்னு சொல்றதுதான் என்ற வேலை, வண்டிய நிறுத்தறது இல்ல. ஓட்டறவரு சாவிய எந்த நேவிகேட்டராவது புடுங்கிட்டு ஓடுவாளா? எங்கூட்டுக்காரரு கேட்டா மானமே போயிரும்.

இரு, போன் பண்றேன். பயமாத்தான் இருக்குது கண்ணு. நீயும் எறங்குனதும் உங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டு, கூட யாரு வர்றாங்க, எந்த வழின்னு எல்லாம் சொல்லிரு. பேசாம இருந்துறாதே.

அலோ, மோனி? அம்மாதான். கத்தாதே. ஆமா, சாவி என்கிட்டத்தான் இருக்குது. ஆமா, நான்தான் எடுத்தேன். வையி, நல்லா வையி, வைஞ்சு முடிச்சுட்டுச் சொல்லு. முடிஞ்சுதா? இப்பக் கேளு. நான் திரும்பி வர்றேன். நீ வெடியால கெளம்பிரலாம். அழுவறியா? நான் அழுவல, இங்க காத்து. கேக்குதா? அலோ? டவரு இல்ல, கத்திச் சொல்றேன் கேளு. வழியில குண்டு இருந்தா பயந்து நின்னுறாதே! குண்டு! குண்டு கண்ணு! அப்பனுக்குச் சொல்ற மாதிரித்தான்! பெரிய குண்டுன்னா ஒதுங்கிப் போ, எங்க இருக்குதுன்னு எனக்கு மெசேஜ் போடு! ஆமா, குண்டு! வெடியால! நான் கொண்டுட்டு வர்றேன்!

ஏனுங் கண்டக்டரு, எதுக்கு இப்ப விசிலு? ஏன் எல்லாரும் எந்திரிச்சு ஓடறீங்க? ஏனுங், அந்தக் கொழந்தையப் புடிங்க, விழுந்துறப் போகுது. என்ற பையை எதுக்குங் எல்லாரும் அப்படிப் பாக்கறீங்க? அதுல மைசூர்பாகுதான் இருக்குது. அய்யோ, குழிங்க! குழி! குழியத்தான் அப்படிச் சொன்னேன்! அம்மிணி, நீயாவது எடுத்துச் சொல்லேன், கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுட்டு ஒக்காந்திருக்கியே!

சரி, நின்னதுதான் நின்னுருச்சு. அந்தப் பையை எடு கண்ணு. எதிர்ல வர்ற மைசூர் வண்டியப் புடிச்சுக்கறேன். தள்ளுங், தள்ளுங், சாவி இருக்குது, அவசரம். ஏனுங், முன்னால போறவங்க பாத்து எறங்குங், படிக்கட்டுக்குக் கீழயே ஒரு பெரிய குண்... குழிங்க, குழி!